அக்கா சரின்னாத்தான் சேவ்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் இசைக்குழுவில் வைத்த பெயர் ‘இன்னும் கொஞ்சம்’. கீபோர்டில் ஒரு டோன் உருவாக்க உட்கார்ந்தால் இதைச் சொல்லியே பொழுதை ஓட்டிவிடுவார். கீபோர்டோடு வரும் ஒலிகள் அவருக்கு ரெடிமேட் சட்டை. அக்குளில் இடிக்கிறது என்பார். அதனால் ஒவ்வொன்றையும் பிரித்து, கூட்டி, குறைத்து, தன் அளவுக்குத் தைத்துக்கொள்வார்.

ஆனால் சேவ் பட்டனை அமுக்கும் அதிகாரம் மாமாவுக்குக் கிடையாது. அதற்கு அக்கா சரி என்று சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் பாம்புக் காது. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள்.

“இது வயலின் இல்ல, கொசு.”

மாமா மறுபேச்சில்லாமல் கொசுவை விரட்டுவார். டிரம்ஸ் அடிக்கிற எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

இப்படி இருக்கையில் எங்கள் புல்லாங்குழல்காரர் வேறு குழுவுக்குத் தாவிவிட்டார். குழுத் தலைவர் மாமாவைக் கூப்பிட்டார்.

“குழலையும் நீங்களே கீபோர்டுல வாசிச்சிடுங்க. சரியா வரலைன்னா, லேப்டாப்போட ஒருத்தர் வரேங்கறார். உங்களுக்குப் பதிலா அவரப் போட்டுக்கறேன்.”

மாமா அன்றைக்கே குழல் டோன் உருவாக்க உட்கார்ந்துவிட்டார். மேடை இல்லாவிட்டால் மனுஷன் பாதியாகிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து அக்கா, நாத்தனார் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் மாமா ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்து வாசித்துக் காட்டினார்.

“காத்து மட்டும்தான் கேக்குது. உடம்பே இல்ல.”

மாமா பேஸைக் கூட்டினார்.

“இன்னும் கொஞ்சம்” என்றாள் அக்கா. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கூட்டிக் கூட்டி ஒருவழியாக அவள் சரி என்றதும் சேவ் ஆனது. கனமான பேஸ் ஒலியைப் போன் பாதி விழுங்கிவிட்டுத்தான் அனுப்பும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நேரில் கேட்ட மாமாவுக்கு என்னமோ இடித்தது. ஆனால் அக்கா சொன்ன பிறகு தன் காதை நம்பிப் பழக்கமில்லையே அவருக்கு.

கச்சேரி நாள். அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒத்திகைக்கு மாமா குழல் டோனை எடுத்து ஒரு கட்டையை அமுக்கினார். ஸ்பீக்கரிலிருந்து லாரி கிளம்பியது. நாற்காலி போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

சரியாக அப்போதுதான் அக்கா பையும் கையுமாக, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உள்ளே வந்தாள். மாமா பாவமாகப் பார்த்தார்.

“எனக்குக் காது அடைச்சிருக்கு. ஜன்னல் சீட்டு. நீங்களே பாத்துக்குங்க.”

மாமா கண்ணை மூடினார். பேஸைக் குறைத்தார். மூச்சு விடுகிற சத்தத்தை லேசாகக் கலந்தார். ஒலி எழும்புகிற வேகத்தைத் தணித்தார். பிறகு வாசித்தார். எனக்கே புல்லரித்தது. தலைவர் போனைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “இத வச்சுக்கங்க, நீங்களே வாசிங்க” என்றார்.

மாமாவின் விரல் சேவ் பட்டனுக்கு மேலேயே நின்றது. பார்வை அக்காவிடம்.

“அமுக்குங்க. என்னை எதுக்குப் பாக்கறீங்க?”

“நீ சரின்னு சொல்லணுமே.”

“நான் என்னத்தக் கண்டேன். சரின்னு சொன்னா உடனே பெட்டியக் கட்டிக்கிட்டுக் கச்சேரின்னு கிளம்பிடுவீங்க. அதான் கொசு, கிசுன்னு ஏதாவது சொல்லி வீட்லயே உக்கார வச்சேன். போன்லதான் நெஜமாவே காது குடுத்துக் கேட்டுச் சொன்னேன். அது இப்படி ஆயிடுச்சு.”