அண்ணன் சொன்ன வயிற்றுவலி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெலிமடைச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கி, பிறகு மூட்டையை விலைக்கு வாங்கி, இன்று சொந்தமாக லொறி ஓட விட்டிருக்கிறேன். தமிழோ சிங்களமோ, சந்தையில் என் வாய்க்கு முன்னால் நிற்க ஆள் கிடையாது. ஆண்பிள்ளையின் மறைவிடத்துக்கு எத்தனை பெயர் உண்டு என்று யாராவது கேட்டால், படித்தவனைவிட நான் நன்றாகச் சொல்வேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைகளுக்கு அது குஞ்சு. வாசலெல்லாம் கோழி மேய்கிற இடத்தில் வேறென்ன பெயர் வரும்? கீழே தொங்குவது மணி. மாட்டின் கழுத்தைப் பார்த்து எவனோ வைத்திருப்பான். மீசை முளைத்தால் அதுவே கொட்டை. சிங்களவர்களும் விதை என்றுதான் சொல்கிறார்கள், இரண்டு பேரும் மண்ணைக் கொத்தியவர்கள்தானே. சாமான் என்பது கடைக்காரன் வைத்த பெயராக இருக்கவேண்டும். என் டிரைவர்கள் கியர் என்பார்கள். அவனவன் கையில் புழங்கியதை எடுத்து அங்கே ஒட்டியிருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கப் புத்தகம் வேண்டாம், காது போதும்.

இத்தனை பெயர் இருந்தும் என் அண்ணனுக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்ல ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர் அண்ணன். அண்ணி தவறிவிட்டார். மகன் கொழும்பில். மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாமனாரைக் கூட்டிப்போவதும் அவள்தான். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது மாமனார் இடுப்புக்குக் கீழே உள்ள எதையும் பேசக் கூடாது. லயத்தில் எழுதாத சட்டம் அது. அதனால் போகும்போதெல்லாம் அண்ணன் "வயித்து வலி" என்றார். அவர்களும் வாயு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இவள் ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஒரு காலையில் அவள் போன் பண்ணினாள். "சின்ன மாமா, மாமா வாந்தியா எடுக்கிறாரு. நிக்க முடியல. ஒடனே வாங்க."

வேனை எடுத்துக்கொண்டு பறந்தேன். அண்ணனை முன்சீட்டில் சாய்த்தோம். அவள் பின்னால் உட்கார்ந்தாள். தோட்டத்து ரோட்டைத் தாண்டியதும் அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, வயிறு இல்லடா. கீழ."

"கீழன்னா? காலா?"

"கீழடா! வீங்கிக் கெடக்கு."

"எப்பயிருந்து?"

"தீவாளிக்கு முந்தியே."

"அட மனுசா! அவகிட்ட சொல்ல முடியலன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போன் அவளோடது" என்றார்.

ஸ்டியரிங்கில் என் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி, சிங்களப் பிள்ளை. அரைகுறைத் தமிழில், "ஐயா, எங்க நோவுது?" என்று கேட்டாள். அண்ணன் மருமகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "வயிறு" என்றார். டொக்டர் வயிற்றை அமுக்கத் தொடங்கினாள்.

"நான் சொல்றேன்" என்று முன்னால் போனேன். தொண்டையைச் செருமினேன். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே சந்தையில் யாரையோ ஏசப் பயன்படுத்தியவை. சிங்களத்தில் தெரிந்தவை இன்னும் மோசம். பேத்தி வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்வது?

"கீழ... அந்தப் பக்கம்..." என்றேன்.

"முதுகா?" என்றாள் டொக்டர்.

மருமகளுக்கு வந்ததே கோபம். "என்ன சின்ன மாமா, ஊரையே ஏசுவீங்க, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? வேன்ல குசுகுசுத்தது எனக்குக் கேட்டுச்சு." டொக்டரிடம் திரும்பினாள். "குஞ்சுக்குக் கீழ மணி வீங்கியிருக்கு டொக்டர். ரொம்ப நாளா. நாள் பூரா புள்ளைங்களுக்குக் கழுவி விடுறவ நான், எனக்கென்ன வெக்கம்?"

அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். டொக்டர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் வார்டில் தமிழ்த் தாய்மாரிடம் கேட்டுப் பழகிய சொற்கள் போலிருக்கிறது, உடனே பிடித்துக்கொண்டாள். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள். பார்த்தவள் சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். குடல் இறங்கி அங்கே அடைபட்டுக் கிடக்கிறதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அழுகி ஆளே போயிருப்பார் என்று சிங்களத்தில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அன்றே வெட்டித் தைத்தார்கள். அண்ணன் பிழைத்தார்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் பார்க்கப் போனேன். அடுத்த வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டிருந்தார். "வயித்துல ஆப்பரேஷன்" என்று அண்ணன் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, மத்தப் பக்கமும் லேசா..."

"எந்தப் பக்கம்?"

"கீழடா."

நான் அவரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. எழுந்து அடுப்படியைப் பார்த்து, "மருமகளே, கொஞ்சம் இங்க வா!" என்று சத்தம் போட்டேன்.