அட்டைப்படத்துச் சிறுமியின் நிறம்

சித்தப்பாவின் கை பட்டால் எமதர்மனும் சிவப்பாகிவிடுவான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் திருத்துவது அவர் வேலை. நகைக்கடை முதலாளியோ, தேர்தலில் நிற்பவரோ, காதுகுத்துப் பத்திரிகையில் வரும் குழந்தையோ, எந்த முகம் வந்தாலும் நன்றாக வெளுத்துத்தான் வெளியே போகும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. செய்ததற்காகக் கோபித்துக்கொண்டவரும் இல்லை. வீட்டில் என்னைக் கறுப்பி என்றே கூப்பிடுவார்கள். அதனாலேயோ என்னவோ, உலகத்தில் இதைவிட உபகாரமான உத்தியோகம் கிடையாது என்று நம்பினேன்.

நான் ஆறாவது படித்த வருடம், டெல்லியில் தான்சானியா தூதரகத்தில் கலாசாரப் பிரிவைக் கவனித்துவந்த ஓர் அம்மாள் அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அவர்கள் நாட்டு ஆட்டக்காரர்களும் நம் கரகாட்டக்காரர்களும் சேர்ந்து ஊர் ஊராக ஆடப்போகிறார்கள், அதற்கொரு காலண்டர். மாதத்துக்கு ஒரு முகம், அட்டையில் என் வயதுச் சிறுமி ஒருத்தி. மாதிரி அச்சைப் பார்க்க அவரே நேரில் வருகிறார் என்றதும் நானும் வருவேன் என்று அடம்பிடித்து, சித்தப்பாவின் சைக்கிளில் ஏறிக்கொண்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆளைப் பார்த்தேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டாமா?

நெடுநெடுவென்று உயரம், மஞ்சள் பூப்போட்ட உடை, வாய் நிறையச் சிரிப்பு. முதலாளி தந்த காப்பியைக் குடித்துக்கொண்டே தாள்களைப் புரட்டினார். நாலாவது தாளில் சிரிப்பு நின்றுவிட்டது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். முதலாளிக்கு முகம் சுருங்கிப்போனது.

"இவங்கல்லாம் யாருன்னு கேக்காங்கய்யா. அவங்க அனுப்புன ஆளுகளே இல்லையாம். ஆர்டர் போச்சுன்னா ஒன் சீட்டும் போச்சு, பாத்துக்க!"

"மரியாதைக்குத்தான் மொதலாளி செஞ்சேன். எல்லாருக்கும் செய்றதுதான" என்றார் சித்தப்பா.

எனக்கு அந்த அம்மாள்மேல் ஆத்திரமாக வந்தது. காசு வாங்காமல் வெளுத்துக் கொடுத்தால் சண்டைக்கு வருகிறாரே! இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அசல் படங்கள் ஏற்கெனவே டெல்லிக்குத் திரும்பிப் போய்விட்டன. கம்ப்யூட்டரில் இருந்ததன்மேலேயே சித்தப்பா திருத்தித் திருத்திச் சேமித்திருந்தார். பழைய நிறம் எதுவென்று பார்க்க வழியில்லை. அம்மாளுக்கோ சாயங்காலம் மதுரையில் விமானம்.

அவர் சத்தம் போடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துச் சித்தப்பாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தன் கையைத் திரைக்குக் கீழே நீட்டினார். அதைப் பார்த்துப் பார்த்து சித்தப்பா நிறத்தை ஏற்றினார். இடையிடையே அவர் பேசியதை முதலாளி தன் பாணியில் தமிழாக்கினார்.

"அந்தம்மா மொதல்ல ஆட்டம் சொல்லிக் குடுக்குற டீச்சராம். பெறகு கவர்மெண்டுல சேந்து நாலு தேசம் பாத்தாச்சாம். போன எடத்துலயெல்லாம் அவங்க நாடுன்னா சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் போஸ்டர்ல போட்டுருதானுகளாம். எங்க சனங்க மொகத்தப் போடுங்கய்யான்னு இருவது வருசமா மல்லுக்கு நிக்காங்களாம்."

சித்தப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

மாதங்கள் ஒவ்வொன்றாகத் தேறின. சிலருக்குத் தன் கையைவிடக் கொஞ்சம் கூட்டச் சொன்னார் அம்மாள், சிலருக்குக் குறைக்கச் சொன்னார். கறுப்பில் அத்தனை வகை உண்டென்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அட்டைப்படம் மட்டும் படியவில்லை. அந்தச் சிறுமிக்குத் தன் கையின் நிறம் பொருந்தாது என்று தலையாட்டிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தவர், என்னைக் கண்டதும் சத்தமாகக் கைதட்டினார். முழங்கையைப் பிடித்து என் கையைத் திரையோரம் வைத்தார். கம்பெனியே கூடி நின்று என் கையைப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டியது. சித்தப்பா என் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அச்செடுத்து வந்த தாளில் அந்தச் சிறுமி உயிரோடு நின்று சிரித்தாள்.

அம்மாள் எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது சித்தப்பாவின் கையைக் குலுக்கினார். பிறகு, பெரிய மனுஷிக்குக் குலுக்குவதுபோல என் கையையும்.

வரும் வழியில் காராச்சேவு வாங்கித் தந்தார் சித்தப்பா. சைக்கிளை மிதித்தபடியே சொன்னார்: "ஒன் கைதான் தாயி இன்னைக்கு என் சோத்தக் காப்பாத்துச்சு. என்ன வேணுமோ கேளு."

நான் யோசிக்கவேயில்லை. "என் போட்டோவ வெள்ளையா மாத்தித் தாங்க சித்தப்பா."

சைக்கிள் நின்றுவிட்டது. இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தார். "அதத் தவுர வேற எது வேணாலும் கேளு தாயி" என்றார்.

ஊரில் எல்லாருக்கும் செய்வதை எனக்கு மட்டும் மறுக்கிறாரே என்று, ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.