கேட்காமல் வந்த கிம்ச்சி

சிங்கப்பூரில், பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே புதிதாகக் கொரிய உணவகம் திறந்திருந்தார்கள். என் கணவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஆர்டர் செய்த ஒவ்வொன்றிலும் இறால் இருக்கிறதா என்று விசாரித்தேன்.

நாங்கள் கேட்காமலே சின்னத் தட்டில், காரம் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி வந்தது. பார்க்க ஊறுகாய் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் ஊறுகாய் என்றாலே சைவம், விசாரிக்கத் தோன்றவில்லை.

இரண்டு வாய் சாப்பிட்டதுமே அவர் உதடு தடித்தது.

“இதுல இறால் போட்டுத்தான் ஊற வைப்பாங்க, அக்கா” என்று பதறினார் பரிமாறிய தமிழ்ப் பெண். நல்லவேளை, டாக்டர் கொடுத்த மாத்திரை கைப்பையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வீக்கம் வடிந்தது.

“இனிமே இந்தப் பக்கமே வேணாம் லா” என்றார் கணவர். நான் விடவில்லை, போன வாரமும் போனோம். உட்கார்ந்ததும், நாங்கள் கேட்காமல் என்னென்ன வரும் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். மெனுவை அப்புறம்தான் திறந்தேன்.