பாரசீகரைப் பாடமாக்கினோம்

நான் பேச்சுப்போட்டி மேடையில் வளர்ந்த பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அம்மா எழுதித் தரும் மூன்று பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன். நடுவில் நின்றுவிட்டால் முன்வரிசையிலிருந்து அம்மா அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். கோப்பைகள்கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் உண்மையில் நான் படு பயந்தாங்கொள்ளி. பாடமாக்காத எதையும் நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

சுவிஸில், பீல் நகரத்து ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். பள்ளியை முடிக்கும் மத்தூரா பரீட்சைக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு எழுதி, அதை ஆசிரியர்கள் முன் பேசிக் காட்ட வேண்டும். வீட்டாரும் வந்து உட்காரலாம். எனக்கு ஏற்கெனவே நான்கு பாடங்களில் புள்ளி குறைவு. இதிலும் குறைந்தால் மத்தூரா இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை.

ஆய்வுக்கு நான் எடுத்தது தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் பாரசீகத்தில் வாழ்ந்த ஒரு கணிதக்காரரை. அரசனுக்காக வானத்தைப் பார்த்து வருடத்தின் நீளத்தைக் கணித்தவர். மூன்றாம் படிச் சமன்பாடுகளுக்கு வட்டமும் பரவளைவும் வரைந்து, அவை வெட்டும் இடத்தில் விடையைப் பிடித்தவர். கவிஞரும்கூட. மதுவையும் சாவையும் பற்றி அவர் பெயரில் உலவும் நாலு வரிப் பாட்டுகளில் எது உண்மையில் அவருடையது என்று இன்றைக்கும் சண்டை. எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. அரசன் செத்ததும் அவருக்குப் பாதுகாப்புப் போயிற்று. இவனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று ஊர் முணுமுணுத்தது. மனிதர் நாக்கை அடக்கிக்கொண்டு யாத்திரை கிளம்பிவிட்டார். பக்தியால் அல்ல, பயத்தால் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. அட, இவர் எங்கட ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா கடிகாரத் தொழிற்சாலையில் இருபது வருடமாக முள் பொருத்துகிறார். ஜெர்மன் வராது. மேலாளர் எதைச் சொன்னாலும் "யா, யா", ஆமாம் ஆமாம் தான். ஆனாலும் என் பேச்சை விட்டுவிட அவருக்கு மனமில்லை. அந்த ஜெர்மன் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு மாதத்தில் அவருக்கும் அது பாடம்.

"விளங்காமல் எப்பிடியம்மா பாடமாக்கிறியள்?"

"நீ மட்டும் தேவாரத்தைச் சின்னனிலை விளங்கியே பாடினனீ? பாடமாக்கினாப் பயமில்லைப் பிள்ளை."

பேச்சு நாளன்று அம்மா லீவு போட்டு, கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தொடங்கினேன். பாதி வரை குறையில்லை. அப்போது கணித ஆசிரியர் குறுக்கிட்டார். வட்டமும் பரவளைவும் இரண்டு இடத்தில் வெட்டுகின்றனவே, இவர் ஒன்றைத்தானே எடுத்தார், மற்றது எங்கே போனது?

விடை எனக்குத் தெரியும். மற்றது பூச்சியம், அதை அவர் விடையாகவே எடுக்கவில்லை என்று எப்படியோ சொல்லிவிட்டேன். திரும்பிப் பேச்சுக்கு வந்தால் ஒன்றுமில்லை. அடுத்த சொல் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். போச்சு, எல்லாம் போச்சு.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாழ்ப்பாணத்து உச்சரிப்பில் சுத்தமான ஜெர்மன் வசனம். "எண்களால் இதைத் தீர்க்க அவரால் முடியவில்லை, பின்னால் வருபவர் யாராவது தீர்க்கலாம் என்று எழுதி வைத்தார்."

ஐயோ அம்மா! இது பேச்சுப்போட்டி இல்லை, பரீட்சை. வெளியிலிருந்து உதவி வந்தால் களவு என்றுதான் எழுதுவார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை உண்மையிலேயே எதையோ எழுதத் தொடங்கினார்.

கணித ஆசிரியர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா பள்ளிப் பிள்ளை போல எழுந்து நின்றார். "சொல்லுங்கள், அவரால் ஏன் முடியவில்லை?" என்று ஆசிரியர் சிரித்தபடி கேட்டார். கணிதம் தெரிந்த தாய் என்று நினைத்துவிட்டார் போலும். அந்தக் கணத்தில் என் புள்ளி எனக்கு மறந்தே போனது. இத்தனை பேர் முன்னால் அம்மா "யா, யா" என்று சொல்லி, எல்லாரும் சிரிக்கப் போகிறார்களே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "இஷ் வைஸ் நிஷ்ட்," என்றார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. "அவரும் அதைத்தான் எழுதினார்," என்றேன். அதற்குப் பிறகு பாடமாக்காத ஜெர்மனில், பிழை பிழையாக, பத்து நிமிடம் பேசினேன். தெரியாததைத் தெரியாது என்று புத்தகத்திலேயே எழுதிய ஒரு பயந்த மனிதரைப் பற்றி.

புள்ளி ஆறுக்கு நாலரை. தப்பினேன்.

பஸ்ஸில் அம்மா இன்னும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் பிழையே செய்துபோட்டன்?" என்றார்.

"இல்லையம்மா. ஏன் இன்னும் பயப்பிடுறியள்?"

"அந்தச் சொல்லு இங்கை வந்த முதல் கிழமையே எனக்குத் தெரியும் பிள்ளை. ஃபாப்ரிக்கிலை தெரியாதெண்டு சொன்னா வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள் எண்டு பயந்து, இருபது வருசமா வாயே திறக்கேல்லை. இண்டைக்குத்தான் முதல்முதலாச் சொன்னனான்."