முனியராஜ் துடைத்த மான் படம்

பக்கத்து வீட்டு முனியராஜின் கை எப்போதும் வெள்ளிபோல் மின்னும். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். அலுமினியப் பொடி ரேகைக்குள் போய் உட்கார்ந்துவிடும், என்ன தேய்த்தாலும் முழுசாகப் போகாது. வேலை விட்டதும் மண்ணெண்ணெய் தொட்டு, சலவை சோடா போட்டு, தேங்காய் நாரால் பரபரவென்று தேய்ப்பான். அவனுக்குத் தெரிந்த சுத்தம் அதுதான்.

அதே கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்த அவன் மனைவி செல்வலட்சுமி, 2005 தீபாவளி சீசனில் தீயில் மாட்டிக்கொண்டாள். உயிரோடு வீட்டுக்கு வந்தாள். ஆனால் வாயில் எதுவும் வைக்கவில்லை. கண்ணை மூடினால் தீதான் தெரிகிறது என்றாள். சாப்பிட்டால்தான் புண் ஆறும், இல்லையென்றால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் அவளே கேட்டாள். "ஒச்சப்பன் ஐயா வீட்டு மான் படத்த ஒருக்காப் பாக்கணும்."

கல்யாணத்துக்கு முன் அவள் பெருக்கித் துடைத்த வீடு அது. வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்ச் சாயப் படம். ஏதோ குளிர்தேசத்து மலை, பனிமூட்டம், நடுவில் மான்கள். வேலையை விட்டுவிட்டு அதன் முன் நின்று திட்டு வாங்கியிருக்கிறாள். முனியராஜ் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டான்.

"எடுத்துட்டுப் போலே. புள்ள பொழச்சாச் சரி" என்றார் ஒச்சப்பன்.

படம் வந்தது, கஞ்சி இறங்கியது. "ஒடம்பு குளுகுளுன்னு இருக்குங்க" என்று படத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பாள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"மான் மட்டும் மங்கலாத் தெரியுது. பொகை படிஞ்சிருக்கு போல" என்றாள் ஒரு நாள்.

அந்த மடையன் என்ன செய்தான்? அவள் கண்ணயர்ந்த நேரம் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய், கையைத் தேய்க்கிற மாதிரியே தேய்த்தான். முதலில் பழுப்பு போனது. சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினான். மான்கள் நாரோடு வந்துவிட்டன. பிரியத்தில் செய்த காரியம், எந்த வாயால் அவனைத் திட்டுவேன்?

திரும்பவும் மாட்டி வைத்தான். அவள் விழித்துப் பார்த்தாள். மலை இருந்தது, பனி இருந்தது.

"மான் எங்கன?"

"மேயப் போயிருக்கும் செல்வி. வந்துரும். நீ கஞ்சியக் குடி."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தீ வருதுன்னு தெரிஞ்சிருக்கும். நல்லவேளை, அதுக ஓடிருச்சுக" என்றாள்.

அதற்குப் பிறகு கஞ்சிக்கு அவள் வாயைத் திறக்கவே இல்லை. கரண்டியைப் பிடித்தபடியே முனியராஜ் உட்கார்ந்திருந்தான். அவன் கையை அவ்வளவு சுத்தமாக நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.