பாசி பிடித்த தொட்டிகளும் எனக்குப் பிடித்த கோபமும்

உப்புத்தண்ணீர் மீன்தொட்டி பராமரிக்கிற தொழிலில் மீனோடு தகராறு வந்ததே இல்லை. தொட்டி வைத்திருக்கிறவர்களோடுதான் வரும். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஸ்கூட்டரில் வாளியும் குழாயுமாக அலைகிறேன். பாசி மண்டினால்தான் என் ஞாபகமே வரும். வந்து நின்று, ஏன் மண்டியது என்று சொன்னால் முகம் கோணிக்கொள்ளும். ஏசி ரிப்பேரோ பல் வைத்தியமோ பார்த்து, இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காதவர்களிடம் மாட்டிக்கொண்ட யாருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

தீனி போடாதீர்கள்

காக்களூரில் ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் பெரிய தொட்டி. பாறையெல்லாம் பச்சை முடி முளைத்த மாதிரி பாசி. கை அரிக்க அரிக்கப் பிடுங்கி எடுத்தேன். மீன் தின்றது போக மிச்சம் அழுகித்தான் பாசிக்கு உரமாகிறது, தினமும் ஒரு சிட்டிகை போதும் என்று சொல்லி, தீனி டப்பாவை மேனேஜர் அறையில் வைக்கச் சொன்னேன். 'மீனுக்குத் தீனி போடாதீர்கள்' என்று எழுதிக் கண்ணாடியிலும் ஒட்டினேன்.

அடுத்த தடவை போனால் மறுபடி பச்சை. ஆத்திரத்தில் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வந்தார், தொட்டியில் எதையோ தூவினார். கூரியர்காரர் வந்தார், அவரும் தூவினார். வாசலில் இருந்த செக்யூரிட்டி ஏகாம்பரத்தைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நோட்டீஸ்ல தீனி போடாதன்னுதான மேடம் எழுதிக்கீது. நாங்க போட்டது பொரி."

பளபளப்பு

கும்மிடிப்பூண்டியில் ஒரு கட்டட காண்ட்ராக்டர் வீடு. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மீன். பாறையோரம் முட்டையிட்டு, இரண்டும் மாறி மாறிக் காவல் இருக்கும். மணல்மேல் சிவப்பாக வழவழவென்று பாசி படர்ந்தது. விளக்கு நேரத்தைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினால் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மகளுக்கு நிச்சயதார்த்தம், விருந்தாளிகள் வருவார்கள் என்று அவருக்கு அவசரம்.

மீன் சரியாக இல்லை என்று போன் வந்து ஓடினேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருந்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பெண் மீன் மிதந்துகொண்டிருந்தது. இன்னொன்றுக்குச் செவுள் துடித்தது. வாளியில் புது உப்புத்தண்ணீர் கலந்து அதற்கு மாற்றினேன். போர்டிகோவிலேயே அதுவும் அடங்கிவிட்டது. வாடிக்கையாளரிடம் நான் முதன்முதலாகக் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். உயிரோடு இருந்ததை விஷம் வைத்துக் கொன்றிருக்கிறீர்கள் என்று அவர் வீட்டு வாசலிலேயே கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "மீனு போனா வேற வாங்கிக்கலாம் மேடம். பாசி இனிமே வராதுல்ல?"

அணையாத விளக்கு

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போகும் வெல்டரின் மனைவி ஸ்டெல்லா. சின்ன வீடு, சின்னத் தொட்டி. பாசியோ கண்ணாடி தெரியாத அளவுக்கு. விளக்கு தானாக அணைவதற்கு நான் மாட்டிவிட்ட டைமரைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தாள். "பாசிதான் வளக்கணும்னா என்னை இன்னாத்துக்குக் கூப்புட்ற?" என்று எரிந்து விழுந்தேன்.

மடியிலிருந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு எப்பவும் நைட் ஷிப்ட்டுதான்க்கா குடுக்குறாங்கோ. டூப்லைட்டு போட்டா கொயந்தை முயிச்சிக்குது. இருட்டுல தனியா பயமா கீது. அதான் மீனு லைட்ட போட்டுக்கினு உக்காந்துனு இருப்பேன்."

என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. கடைக்குப் போய் ஒரு சின்ன பல்பு வாங்கி வந்து சுவரில் மாட்டினேன். டைமரைத் திரும்பச் சொருகினேன். பிறகு, ஒரே ஆளை ஓயாமல் இரவு வேலையில் போட்டு வதைக்கிறவனை வாய்க்குள் திட்டிக்கொண்டே கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "யாரக்கா திட்டிக்கினு கீற, பாசியையா?"

பாசியும் திரும்ப வரும், அதே ஆட்களும் திரும்பக் கூப்பிடுவார்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்புவேன் என்பதால், இந்தத் தொழில் படுத்துவிடுமோ என்று யாரும் எனக்காகக் கவலைப்பட வேண்டாம்.