என்னை விரட்டிய தங்கராஜ் ஃபோர்மேன்

தங்கராஜ் ஃபோர்மேன் போய்விட்டார் என்ற செய்தி, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் பட்டாசு ஆபீஸில் (தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்போம்) செல்போனோடு யாரும் உள்ளே போக முடியாது. எதிரே இருக்கிற டீக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் போவோம். வேலை முடிந்து வெளியே வந்ததும் கடைக்காரர், "நாப்பது தடவ அடிச்சிருச்சு அண்ணாச்சி" என்று போனை நீட்டினார். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. இருந்தாலும் நாற்பது என்றே எழுதுகிறேன். அந்த மனுஷருக்கு நாற்பது தகும்.

வெளியூர்க்காரர்கள் கேட்டவுடன், "சிவகாசியா? வெடி விபத்தா?" என்பார்கள். இல்லை ஐயா, மஞ்சள் காமாலை. இருபது வருஷம் வெடிமருந்துக்கு நடுவே நின்றவரை மருந்து தொடவில்லை. அவர் பொறுப்பில் இருந்த ஓர் ஆளுக்கும் தீக்காயம் பட்டதில்லை. மற்றதை எல்லாம் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், உங்களுக்கே தெரியும். இதைக் கூட்டவில்லை.

இழவு கேட்கப் போன துட்டி வீட்டில் இரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். "நல்ல மனுஷன்தான். ஆனா மூஞ்சியப் பாத்ததுமே ஆள வெரட்டிருவாரு." ஆமாம், விரட்டுவார். என்னையும்தான் விரட்டினார். பாதியைத் தெரிந்துகொண்டு பேசுகிறவர்களுக்கு மீதியைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய கதை. நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் வந்தது, நாங்கள் வெளியே வந்தோம். மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர்ப் பண்ணையாருக்கு ஆள் பிடிக்கிற காரியக்காரர் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "ஏலே, எங்க சுத்துனாலும் கடைசில களத்துக்குத்தானலே வரணும்?" என்று சிரிப்பார். என் அப்பா கைகட்டி நின்ற களம் அது. அங்கே போய் நிற்பதில்லை என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மாளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன். போதாததற்கு, பட்டாசு ஆபீஸில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். நேர்காணலுக்கே மறுநாள்தான் போக வேண்டும்.

போனேன். மச்சினனின் பளபள பாலியஸ்டர் சட்டை, ஆணி அடித்த செருப்பு, பட்டைச் செயின் வாட்ச். மாப்பிள்ளை தோற்றுப்போவான். வாசலை ஒட்டிய அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் தங்கராஜ். என்னைவிட ஒன்பது வயது சின்னவர்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல என்ன பாத்தீக?" என்றார்.

"சரக்குத் தரம் பாத்தேன். நான் பாத்து விட்ட பெட்டியில ஒரு குச்சிகூடப் பொய்க்காது. இந்தா, நீங்களே பாருங்க" என்று பையிலிருந்து பெட்டியை எடுத்து, குச்சியை உருவி, மருந்துப் பட்டையில் உரச வைத்துவிட்டேன்.

பட்டாசு ஆபீஸுக்குள் வைத்து! இருபது வருஷத் தீப்பெட்டிக்காரனுக்கு அந்த நேரத்தில் தன் தொழில் பெருமைதான் கண்ணுக்குத் தெரிந்தது, இடம் தெரியவில்லை. ஆறடி அகல மேசையை ஒரே தாவாகத் தாவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மேசை மூன்றடிதான் என்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லையே!

"யோவ், நூத்தி எம்பது உசுரு உள்ள இருக்குய்யா! வெளிய போ!"

வெளியே வந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. பஸ் இறங்குகிற இடத்தில் காரியக்காரர் நிற்பாரே. வாசலில் எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்பை முடிக்காதவன் நான். எழுத்துக் கூட்டிப் படித்தேன், மூன்று தரம். கூடாது என்று அதில் எழுதியிருந்ததெல்லாம் என் மேலேயே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "இன்னும் போகலீகளா அண்ணாச்சி?"

கோபம் தணிந்து மரியாதை திரும்பியிருந்தது. அது போதும் எனக்கு. "வேலைக்குன்னு கூப்புட்டு முழுசா ரெண்டு கேள்விகூடக் கேக்கல. கேட்டுட்டு வெரட்டுங்க."

"சரி. இன்னிக்கு என்ன தப்பு பண்ணுனீக? சொல்லுங்க."

"குச்சி ஒண்ணு. தீப்பொறி கெளப்புற இந்தச் சட்டை ரெண்டு. செருப்பு ஆணி மூணு. இந்த இரும்பு வாட்ச்சு நாலு."

"வாட்ச்ச நான் கவனிக்கல" என்றார்.

"அஞ்சாவதும் ஒண்ணு இருக்கு. அது உங்க தப்பு."

வாட்ச்மேன் பதறிப்போய், "ஏ பெருசு, வாய மூடு" என்றான்.

"நான் ஏன் மூடணும்? இம்புட்டையும் சுமந்துக்கிட்டு நான் மேசை வரைக்கும் வந்தேன்ல? வாசல்ல ஒருத்தர் என் பையில கைய விட்டிருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும். தெனம் வேலைக்கு வாறவனச் சோதிக்கீக, விருந்தாளி மாதிரி வந்த என்ன விட்டுட்டீக."

தங்கராஜ் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வாசலையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார். இவர், "உங்க பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

"நாளைக்கு வாங்க. பருத்திச் சட்டை, வெறுங்காலு. சூப்பர்வைசர் வேலை கெடையாது. வாசல்ல நிக்கணும். ஒரு குச்சி உள்ள வரப்படாது. அதோட வாசம் ஒங்களுக்குத்தான் தெரியும்."

மறுநாள் சேர்ந்தேன். தெருவில் செக்யூரிட்டி ஆபீசர் என்று சொல்லிக்கொண்டேன். காரியக்காரரின் சிரிப்பு அன்றோடு நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தார் தங்கராஜ். வரிசையில் நின்றவரைத் தடவினேன். சட்டைப் பையில் சூடம் ஏற்றிய தீப்பெட்டி. பின்னால் நூறு பேர் பார்க்கிறார்கள். என் கை தயங்கியது.

"என்ன அண்ணாச்சி யோசிக்கீக? எனக்கு மட்டும் தனி வாசலா? திருப்பி அனுப்புங்க" என்றார்.

"நாளைக்கு வாங்க ஃபோர்மேன்" என்றேன். வரிசையே சிரித்தது. அவர்தான் அதிகம் சிரித்தார். அன்றைக்கு லீவு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். எந்த ஆபீஸ் ஃபோர்மேன் போவார், சொல்லுங்கள் பார்ப்போம்!

"ஒருத்தன் செஞ்ச தப்ப நான் பாக்குறேன். அத அவன் பாக்கானான்னு அடுத்து பாக்கணும்ல" என்று அடிக்கடி சொல்வார். விரட்டின ஆட்களில் எத்தனை பேர் மறுநாள் வந்து வேலையில் சேர்ந்தார்கள் என்று துட்டி வீட்டில் முணுமுணுத்தவர்கள் விசாரிக்கட்டும். அந்தப் பந்தலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த இரண்டாவது நாளை, விரட்டிய பிறகு அவர் கொடுக்கிற மறுநாளை. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. காரியம் முடிந்த மறுநாள் வேலை கேட்டு ஒருவர் வந்தார். காரியாபட்டிப் பக்கம், விவசாயம் பொய்த்துப்போன ஆள். மடியில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும். புதிதாக வந்த ஃபோர்மேன் தூரத்திலிருந்தே, "அந்தாள அனுப்புங்க. இனிமே இந்தப் பக்கம் வரப்படாதுன்னு சொல்லுங்க" என்று கத்தினார்.

தீப்பெட்டியை வாங்கி டீக்கடையில் கொடுத்தேன். அந்த மனிதரின் பேரைக் கேட்டேன். பிறகு புது ஃபோர்மேன் காதில் விழுகிற மாதிரி உரக்கவே சொன்னேன்: "நாளைக்கு வாங்க. எட்டு மணிக்கு. வாசல்ல நான்தான் நிப்பேன்."